இடது கைதானே

வாங்க தம்பி, வாங்க. காலையில போன் பண்ணினது நீங்கதானே? கேட்டைச் சாத்திருங்க, தெருநாய் உள்ள பூந்துரும். செருப்பைக் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க. பெருக்கித் தொடைக்க வீட்டுல இப்ப ஆளில்ல, கழட்டினா உங்க காலுதான் அழுக்காகும். உக்காருங்க. மிஷின் பின்னால மோட்டார் ரூம்ல இருக்குது. ஓடிப் போயிராது, பாத்துக்கலாம். காப்பி குடிக்கறீங்களா? நானே வெச்சிருவேன், எல்லாம் பழகிப்போச்சு. வேண்டாமா? சரி விடுங்க, பாலும் திரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

எதைக் கழுவறதுக்குங்க உங்களுக்கு? காரா? சொந்தமா டாக்ஸி ஓட்டறீங்களா, சந்தோசம். அப்ப நீங்க என்கிட்ட வந்தது நல்லதாப் போச்சு. இந்த பிரஷர் வாஷர் இருக்குது பாருங்க, இதைத் தெரியாதவன் வாங்கினா வம்பு. தெரிஞ்ச ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கணும். நான் யாரையும் கேக்கல, எனக்கே தெரியுமே. ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தவன் தம்பி நான். பேரிங்கு, பெல்ட்டு, நட்டு, போல்ட்டு, எதுவானாலும் இந்தக் கையைத் தாண்டித்தான் உள்ள போகணும். பிட்டருங்க எல்லாம் என்ற ஜன்னல்ல வந்து நின்னு, "நாச்சிமுத்தண்ணா, நாச்சிமுத்தண்ணா"ன்னு கெஞ்சுவானுங்க. மில்லு மூடிப் போச்சு, அது வேற கதை. மிஷினைப் பத்தி எனக்கு இன்னொருத்தன் சொல்லித்தர வேண்டியதில்ல.

கடைக்காரன் சொல்லித்தர வந்தான். ஆடித் தள்ளுபடியில வாங்கப் போனேன். "ஐயா, காருக்கும் வாசலுக்கும் நூறு பார் போதுங்க. அதுக்கு மேல போனா பெயிண்டு உரியும்"னான். பார்ங்கறது தண்ணி எத்தனை அழுத்தமா வருதுங்கற கணக்கு. அக்கட்டால செவப்பு கலர்ல ஒண்ணு நிக்குதே, அது என்னன்னு கேட்டேன். "அது லாரி, பொக்லைன் கழுவறதுங்க, வீட்டுக்கு வேண்டாம்"னான். எப்படி இருக்குது பாருங்க! வேட்டி கட்டினவன்னா அவனுக்கு வீட்டு மிஷினு போதுமாம். ஆளைப் பாத்து எடை போடறான். அதையே எடுத்து வைய்யுன்னுட்டேன்.

கூட அஞ்சு மூக்கு குடுத்தான். நாசில்ம்பாங்க. வெள்ளை மூக்கைப் போட்டா தண்ணி விசிறி மாதிரி விரிஞ்சு வரும். காருக்கு அதுதான். தள்ளி நின்னு, பக்கவாட்டுல சாய்ச்சு அடிக்கணும், நேரா அடிக்கக் கூடாது. டயர்ல கிட்டக் கொண்டுபோயி அடிச்சீங்கன்னா டயரே வெடிக்கும். மனசுல வெச்சுக்கங்க. செவப்பு மூக்குல ஒத்தக் கோடா, கம்பி மாதிரி வரும். அதை நீங்க தொடவே தொடாதீங்க. நான்? நான் செவப்புத்தான் போட்டேன். விரிஞ்சு வர்ற தண்ணிக்கு பக்கெட்டுல மோந்து ஊத்திட்டுப் போலாமே, மிஷின் எதுக்கு?

மொத வாரமே காம்பவுண்டுச் செவுத்துப் பாசி பூராவும் போச்சு. கூடவே சுண்ணாம்பும் சித்தெ போச்சு. டைல்ஸ் இடுக்குல இருந்த சிமிட்டி போச்சு. காரு கதவுல ஒரு எடத்துல பெயிண்டு போச்சு, அது மட்டமான பெயிண்டு தம்பி, எப்படியும் போயிருக்கும். என்ற சம்சாரம் சுலோசனா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "ஏனுங்க, வீட்டைக் கழுவறீங்களா, உரிக்கறீங்களா?"ன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டா. அப்பெல்லாம் சிரிப்பா.

இந்த முன் ரூம்லதான் அவ உக்காந்திருப்பா. அந்தா, மூலையில துணி போத்தி வெச்சிருக்குதே, அது அவளோட மரச்சட்டம். ப்ளவுசுத் துணியை அதுல இழுத்துக் கட்டி ஆரி ஒர்க் போடுவா. கல்யாண ப்ளவுசுல மணியும் ஜரிகையுமா மயிலு, யானை, பல்லக்குன்னு போடறாங்களே, அதுதான். உடுமலைப்பேட்டையில பாதிப் பொண்ணுங்களுக்குக் கல்யாண ப்ளவுசு இந்த ரூம்லதான் ஆச்சு. பொழுதுபோக்குக்கு ஆரம்பிச்சதுதான். மில்லு மூடின பொறவு அவ பங்குக்கு ஏதோ கொஞ்சம் வந்துச்சு. இந்துமதி, அது எங்க பொண்ணு, ஓசூர்ல குடுத்திருக்குது, அவ கல்யாணத்துக்கு நகையெல்லாம் சுலோசனாதான் பாத்தா. மண்டபமும் அவதான் பாத்தா. மத்ததெல்லாம் நான்தான்.

என்ன கேட்டீங்க? ஆமாமா, ஓடற கண்டிசன்லதான் இருக்குது. அதுக்குத்தானே வர்றேன்.

ஆயுத பூஜை வந்துச்சுங்க. மில்லுல நாங்க ஆயுத பூஜை கொண்டாடறதைப் பாத்திருக்கணும் நீங்க. ஒரு ஸ்பேனரு விட மாட்டோம். வீட்டுலயும் நான் அப்படித்தான். காரு, சைக்கிளு, கிரைண்டரு, மிக்ஸி, அவளோட தையல் மிஷினு, அருவாமனை, எல்லாத்துக்கும் சந்தனம் கொழைச்சு, குங்குமம் வெச்சு, பூப் போட்டேன். புது மிஷினுக்கு விடுவேனா? டேங்குக்கு வெச்சாச்சு, மோட்டாருக்கு வெச்சாச்சு. கன்னு இருக்குதே, கைத்துப்பாக்கி மாதிரி, அதோட மூக்குக்கும் வைய்யுன்னு சுலோசனாகிட்டச் சொன்னேன். "ஓட்டையில போயிரப் போகுதுங்க"ன்னா. மொகத்துக்குப் பொட்டு வெக்காம வாலுக்கு வெப்பியான்னு கேட்டேன். வெச்சா. நல்லா அப்பி வெச்சா. இன்னைக்கு அதை நான் சொன்னா, அவ தம்பிக்குக் கோவம் வருது. சந்தனம் வெச்சது அவ கைதானே? நான் பொய் சொல்றனா?

கன்னு மேல ஒரு ஸ்டிக்கரு ஒட்டியிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? ஒரு கை, அதுக்கு எதிர்ல தண்ணி பீச்சறது, குறுக்க ஒரு செவப்புக் கோடு. புது மிஷின்ல வெட்டுப்பட்ட கை மாதிரி ஒரு படம், பாக்கவே நல்லால்ல. பூஜையன்னைக்குக் காலையில மொத வேலையா அதைச் சொரண்டி எடுத்துட்டேன்.

அன்னைக்கு எந்தச் சாமானையும் தொடக்கூடாது, அடுத்த நாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். அந்த விஜயதசமிக்குத்தான் ஓசூர்ல இருந்து சம்பந்தி வீட்டாரு மொத மொதல்ல நம்ம வீட்டுக்கு வர்றாங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு. சுலோசனா விடியால இருந்து அடுப்படியில. நான் காரைக் கழுவி நிறுத்தலாம்னு மிஷினை எடுத்தேன். மிஷின் டேங்குல ஷாம்பு எல்லாம் ஊத்தி, குழாயைத் தொறந்து, சுவிட்சைப் போட்டு கன்னை அமுத்தினா தண்ணி நடுவுல வரல, சைடுல சீறுது. மூக்குல சந்தனம் காஞ்சு அடைச்சிருக்குது.

இதுக்கு என்ன பண்ணோணும் சொல்லுங்க? நீங்க தெரிஞ்சு வெச்சுக்கோணும். மொதல்ல சுவிட்சை அணைச்சு, பிளக்கையே பிடுங்கிடணும். குழாயை மூடணும். அப்பறம் கன்னைத் தரையைப் பாத்து நீட்டி அமுத்தணும், உள்ள நிக்கற அழுத்தம் பூராவும் வெளியேறணும். அதுக்குப் பொறவுதான் மூக்கைக் கழட்டி, தனியா வெச்சுக் குத்தணும். மிஷின்ல மாட்டின மூக்குல கை வெக்கவே கூடாது. புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்குது. இப்பத்தான் படிச்சேன்.

அன்னைக்கு எங்க நேரம்? சம்பந்தி வீட்டுக் காரு பல்லடம் தாண்டியாச்சுன்னு போன் வந்துருச்சு. குண்டூசி போகல அந்த ஓட்டையில. அப்பத்தான் சுலோசனாவோட ஆரி ஊசி நெனப்பு வந்துச்சு, மொனையில கொக்கி மாதிரி இருக்கும், மெல்லிசு. கூப்பிட்டேன். "அடுப்புல குழம்பு கொதிக்குதுங்க"ன்னா. ஒரு நிமிசம் வான்னேன். "என்ற ஊசி மொனை போயிருமுங்க"ன்னா. போனா வாங்கித் தர்றேன் வான்னேன். வந்தா, ஈரக் கையைச் சீலையில தொடச்சுக்கிட்டே. இடது கையில மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையில ஊசியை விட்டுக் குத்தினா. எத்தனை நேக்கா வரும் தெரியுமா அவளுக்கு அந்த வேலை? துளித்துளியா மஞ்சளா வந்து விழுந்துச்சு சந்தனம். நடுவுல ஒருதரம் நிமுந்து, "அணைச்சாச்சுங்களா?"ன்னு கேட்டா.

நான், "சத்தம் கேக்குதா உனக்கு?"ன்னேன்.

இந்த மிஷின்ல அதான் விசேசம் தம்பி. நீங்க கன்னை விட்டீங்கன்னா மோட்டாரு தானா நின்னுக்கும். அமுத்தினாத்தான் ஓடும். கரண்டு மிச்சம். சுவிட்சு போட்டே இருந்தாலும் சத்தமில்லாமக் கெடக்கும். சத்தமே இல்லைன்னா அணைஞ்ச மாதிரிதானே? அப்பறம் என்ன ஆச்சோ, அவ வெரலு அதுக்கு நேரா வந்துருச்சு. பொம்பளைங்களுக்கு ஒரு பழக்கம், ஹோஸ் பைப்புல செடிக்குத் தண்ணி விட்டா நுனியில வெரல வெச்சு அமுக்கி அடிப்பாங்க பாருங்க, தூரமாப் போகட்டும்னு. அந்த ஞாபகத்துல வெரல வெச்சிருப்பா.

என்னங்க? கன்னு யாரு கையில இருந்துச்சா?

என்ற கையிலதான். பின்ன? அந்தக் கனத்தை அவ தூக்குவாளா? அடைப்பு எடுத்துருச்சான்னு பாக்க வேண்டாமா? சித்தெ அமுத்திப் பாத்தேன். ஒரு சொடக்குப் போடற நேரம். மோட்டாரு "உர்"ருன்னுச்சு, அவ கையை எடுத்துட்டா.

அவ கத்தக்கூட இல்ல தம்பி. அதைத்தான் நான் எல்லாத்துகிட்டயும் சொல்றேன். வெரலப் பாத்தா சுட்டுவெரல் நுனியில ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தமும் ஒரு சொட்டுத்தான். வலிக்குதான்னு கேட்டேன். "வலிக்கலீங்க, மரத்த மாதிரி இருக்குது"ன்னா. வலிக்கலைன்னு அவ வாயால சொன்னா. மஞ்சத்தூளை வெச்சு ஒரு துணியைக் கட்டிவிட்டேன். நானேதான் கட்டிவிட்டேன், அதையெல்லாம் யாரும் பேச மாட்டாங்க. அவ திரும்பக் குழம்பைப் பாக்கப் போயிட்டா. நான் காரைக் கழுவினேன். பளபளன்னு இருந்துச்சு.

சம்பந்தி வந்தாங்க, சாப்பிட்டாங்க, வந்ததும் சம்பந்தி மொத வேலையா என்ற காரைத்தான் பாராட்டினாரு. பரிமாறும்போது சாம்பார் வாளி அவ கையில இருந்து நழுவிருச்சு. வீட்டுக்கு வந்த ஒறம்பரை முன்னாடி அப்படி ஆனா எனக்கு எப்படி இருக்கும்? ஒரு பார்வை பாத்தேன். பொழுது சாயறப்ப, அவங்க எல்லாம் கெளம்பின பொறவு, பக்கத்துல வந்து நின்னா. "ஏனுங்க, கை உள்ளங்கை வரைக்கும் கடுக்குது. ஆசுபத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமுங்களா?"ன்னு கேட்டா. நான் என்ன சொல்லுவேன்? கண்ணுக்கே தெரியாத ஒரு ஓட்டை. இதுக்குப் போயி நின்னா டாக்டர் சிரிப்பாரு, காலையில பாத்துக்கலாம், போயிப் படுன்னேன். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

சரி, நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்க. இப்பச் சொல்லுவீங்க. எல்லாரும் இப்பச் சொல்லுவாங்க.

காலையில பாத்தா வெரலு கத்திரிக்காய் மாதிரி ஊதி, கத்திரிக்காய் கலருக்கே வந்துருச்சு. கோயமுத்தூரு கொண்டு போனோம். அங்க இருந்த டாக்டருக்கு நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும், என்ன கோவம் வருதுங்கறீங்க! "நேத்தே ஏன் வரல? ஓட்டை சின்னதா இருக்கலாம், அது வழியாத் தண்ணி தோலுக்குள்ள பூந்து உள்ளங்கை வரைக்கும் சதையைப் பிரிச்சுக்கிட்டுப் போயிருக்குது"ன்னாரு. தண்ணி போயி சதையைப் பிரிக்கும்னு யாருக்குத் தம்பி தெரியும்? தண்ணிதானே?

எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. சுலோசனா வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன்: "நான் உள்ள இருந்தேனுங்க டாக்டர். இவளாத்தான் மிஷினை எடுத்து நோண்டியிருக்கறா"ன்னு. அது என்னமோ அந்த நேரத்துக்கு வாயில வந்துருச்சு. அத்தனை பேரு நிக்கறாங்க, நர்சு, அவ தம்பி திருமூர்த்தி, சேதி கேட்டு வந்த பொண்ணு, மாப்பிள்ளை. ஸ்டோர் கீப்பரா இருந்தவன் நான் எப்படிச் சொல்றது? டாக்டரு விடல. "தண்ணியில சோப்பு, மருந்து எதாச்சும் கலந்திருந்துச்சா? தெரிஞ்சாகணும்"னாரு. நான்தான் உள்ள இருந்தேன்னு சொல்லிட்டனே. எனக்குத் தெரியாதுங்கன்னேன்.

அவதான் சொன்னா. "ஷாம்பு ஊத்தியிருந்துச்சுங்க டாக்டர்"னா. சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

சுட்டுவெரல நடுக்கணுவோட எடுத்துட்டாங்க. பக்கத்து வெரலு ரெண்டும் மடங்காது. எனக்கு மட்டும் வருத்தமில்லையா? ஆசுபத்திரி வராண்டாவுல உக்காந்து அழுதேன் தம்பி, யாரும் பாக்கல. ஆனா ஆறுதல் சொல்லோணுமே. அவகிட்டப் போயி, "விடு சுலோ, இடது கைதானே. ஊசி பிடிக்கறது வலது கை, அது பத்திரமா இருக்குது. கடவுள் காப்பாத்துனாரு"ன்னேன்.

இந்துமதி என்னை வெளிய கூட்டிட்டு வந்து, "அப்பா, இத்தனை வருசமா முன் ரூம்ல அம்மா என்ன வேலை செய்யறாங்கன்னு ஒருநாளாச்சும் பாத்திருக்கீங்களா? மேல ஊசி பிடிக்கற கையை விடுங்க. துணிக்கு அடியில இடது கைதான்ப்பா நூலைச் சுத்திச் சுத்திக் குடுக்கும். அந்த சுட்டுவெரலுதான்ப்பா"ன்னா. துணிக்கு அடியில நடக்கறது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன தரையில படுத்தா பாக்க முடியும்?

அவ வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்துக்கு முன்னாடி உக்காந்தா. ஒருநாள் முச்சூடும் உக்காந்திருந்தா. அடியில கையை விட்டு நூலைப் பிடிக்கறா, நழுவுது. பிடிக்கறா, நழுவுது. அப்பறம் எந்திரிச்சு அதுமேல துணியைப் போத்தினா. அடுத்த நாள் திருமூர்த்தி காரை எடுத்துட்டு வந்துட்டான். வாசல்ல நின்னுக்கிட்டு, தெருவுக்கே கேக்கற மாதிரி, "மச்சான், டிரிகரை அமுத்தினது யாரு?"ன்னான். யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்கறான் பாருங்க. என்ற கல்யாணத்துல மூக்கு ஒழுகிக்கிட்டு நின்ன பய. மரியாதை கெட்டுப் போயிரும்னு கத்தினேன். சுலோசனா பையை எடுத்துக்கிட்டு எங்களைத் தாண்டிப் போனா. எம் பக்கத்துல வந்ததும் நின்னா. எதுக்கோ காத்திருக்கற மாதிரி நின்னா. நான், "போறதுன்னா போ"ன்னேன். போயிட்டா, பெதப்பம்பட்டிக்கு, தம்பி வீட்டுக்கு.

தை போயி மாசியும் போகப் போகுது. இந்துமதி போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டு. "அப்பா, நான்தான் அமுத்தினேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மாமா முன்னாடி கூட வேண்டாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க, வந்துருவாங்க." சொன்னா வெரலு மொளைச்சுருமான்னு கேட்டேன். அதுக்குப் பொறவு அவளும் போனைக் கொறைச்சுட்டா.

வீடு கடிக்குது தம்பி. சொல்றதுக்கு என்ன? மில்லு மூடினப்பக் கூட இப்படி இல்ல. அன்னைக்கு அடுப்படியில சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அவ வேணும். அதை நான் இல்லைன்னு சொல்லல.

அதனாலதான் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். போன வாரம் கூப்பிட்டேன், எடுத்தா. நல்லா இருக்கியான்னு கேட்டேன். "ம்ங்க"ன்னா. சாப்பிட்டியான்னேன். "ம்ங்க"ன்னா. சரின்னு சொல்லிட்டேன்: "சுலோ, அந்த மிஷினை வித்துடறேன். நெட்டுல விளம்பரம் போடறேன், எவன் வந்து கேட்டாலும் குடுத்துடறேன். இந்த வீட்டுல அது இனி இருக்காது. போதுமா? பொறப்பட்டு வா." எனக்கு எவ்வளவு ஆசையான மிஷினுன்னு அவளுக்குத் தெரியும். அவளுக்காக விக்கறேன். இதுக்கு மேல ஒரு மனுசன் எறங்கி வர முடியுமா?

அவ மெதுவாக் கேட்டா.

"மிஷின் என்னங்க பண்ணுச்சு?"

வெச்சுட்டா.

இதுக்கு என்னங்க அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. கட்டின புருசன் வலிய வந்து பேசறேன், அவ மிஷினுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றா. அன்னையில இருந்து யோசிச்சுப் பாக்கறேன், எனக்குப் பிடிபடல. என்னதான் கேக்கறா அவ?

ஏன் தம்பி எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. இருங்க, இருங்க. ராசியில்லாத சாமானோன்னு யோசிக்கறீங்களா? அப்படி எதுவும் மனசுல வெச்சுக்காதீங்க. விலை கூட நீங்க சொல்றதுதான். பின்னால வாங்க, ஓட்டிக் காட்டறேன், உங்க கண்ணாலயே பாருங்க. எந்தக் கோயில்ல வேண்ணாலும் கற்பூரம் ஏத்தி அணைக்கறேன் தம்பி, அந்த மிஷின் மேல ஒரு குத்தமும் கெடையாது.